மூலிகைத் துண்டறிக்கையில் நோய்ப் பெயரும் அளவும் போடலாமா?

வாக்குவா வேலு

அனைவருக்கும் வணக்கம். வருஷப் பிறப்பன்று இங்கே மொரிசியஸில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் மூலிகைகள் பற்றி ஒரு துண்டறிக்கை கொடுக்க இளைஞர் குழு முடிவு செய்திருக்கிறது. நான்கு பக்கம், தமிழிலும் கிரியோலிலும். வீட்டுக் கொல்லையிலும் போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையின் திசான் (மூலிகைக் கஷாயம்) கடைகளிலும் கிடைக்கும் செடிகள்: வயிற்றுக்கு அயாபானா, தோலுக்கு வல்லாரை, சர்க்கரைக்குப் பாகல், சிறுநீரகக் கல்லுக்கு புவா தெ ரோந்து, கொழுப்புக்கு பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாறு. எந்த நோய்க்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் எழுதியிருக்கிறோம். குழுவிலேயே இரண்டு பேர் நோய்ப் பெயரும் அளவும் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

என் தரப்பை முதலில் வைத்துவிடுகிறேன். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. அந்தச் செடி நம் பக்கத்துத் தீவான மடகாஸ்கருக்குச் சொந்தமானது. இங்கே வேலியோரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் சீனத்து மூலிகை ஒன்றிலிருந்து வந்தது. 2015இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. நம் தீவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பலர் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினுக்கும் வேர் ஐரோப்பிய நாட்டுப்புற மூலிகை ஒன்றில்தான் இருக்கிறது. 1981 முதல் 2019 வரை அனுமதி பெற்ற புதிய மருந்துகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இயற்கைப் பொருளாகவோ அதைச் சற்றே மாற்றியமைத்த வடிவமாகவோ இருக்கிறது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெரிய ஆய்வகங்கள் தேடி வருவதே நம் பாட்டிமார் கையில் இருந்த செடிகளைத்தான். அந்த அறிவை நம் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

ரோஸ் ஹில் கமலா

வேலு தம்பி, நான் மருந்தாளர். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய மூன்று உதாரணங்களும் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளில் மக்கள் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்காகக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து அந்த இலைகள் கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எலிகளுக்கு அந்தச் சாற்றைப் புகட்டிப் பார்த்தார்கள். இரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்றால் செத்தன. ஏன் என்று பார்த்தால், வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. அந்தச் சரிவைப் பின்தொடர்ந்துதான் சார்லஸ் பீர் என்பவருடன் சேர்ந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், 1958இல் வெளியிட்டார்கள். வின்கிறிஸ்டின் அதற்குப் பின் இன்னொரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் கிடைத்தது. ஆக, மக்கள் சொன்ன பயன் வேறு. வந்த மருந்து வேறு.

அளவைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். வின்கிறிஸ்டின் அதிலும் அரிது. சிரை வழியாக மட்டுமே ஏற்ற வேண்டிய மருந்து அது. தண்டுவடத்துக்குள் தவறிச் செலுத்தப்பட்டால் பிழைப்பது மிக அரிது. வேலியில் பறித்த இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று எந்தக் கைப்பிடிக் கணக்கால் சொல்வீர்கள்?

மெட்ஃபார்மின் கதையும் இப்படித்தான். கலேகா என்ற அந்தச் செடியை ஆடுகள் மேய்ந்தால் செத்துப்போகும். அதில் உள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது உண்மை, ஆனால் நஞ்சு. வேதியியலாளர்கள் அதன் உறவுப் பொருள்களைச் செய்து பார்த்தார்கள். 1922இல் உருவான மெட்ஃபார்மினை 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். மூலிகையின் நஞ்சைக் கழித்த பிறகு வந்த மருந்து அது. அதை மூலிகைக்கான நற்சான்றாகக் காட்டுவது சரியாகப் படவில்லை.

என் கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மா இருக்கிறார். மாத்திரைகளைப் பூப்போட்ட துணிப்பையில் கட்டி எடுத்து வருவார். ஒருமுறை பையைக் கவிழ்த்தபோது, முந்தின மாதம் வாங்கிப்போன அட்டைகள் பிரிக்கப்படாமலே விழுந்தன. யாரோ பாகற்சாறு போதும் என்று சொன்னார்களாம். அவருடைய கால் விரலில் ஆறாத புண். இப்படிப்பட்டவர் கையில்தான் உங்கள் துண்டறிக்கை போய்ச் சேரும், தம்பி.

தெர் ரூஜ் அண்ணாமலை

கமலா அம்மா, என் அப்பா சந்தையில் திசான் கடை வைத்திருந்தவர். உங்கள் எழுத்தில் ஒரு குறை தெரிகிறது. மக்கள் தெரியாமல் குடித்தார்கள், ஆய்வாளர்கள் தெரிந்து கண்டுபிடித்தார்கள் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செடியில் ஏதோ இருக்கிறது என்று சொன்னது யார்? உலகத்தில் இத்தனை லட்சம் செடிகள் இருக்க, அந்த இலை ஏன் கனடாவுக்குப் போனது? குடித்துப் பார்த்த மக்கள் இல்லாவிட்டால் அந்த ஆய்வாளர் கை நீட்டியே இருக்க மாட்டார்.

அதற்கு மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது? இலை விற்ற காசு தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையெல்லாம் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. வேம்புக்கும் ஐரோப்பாவில் அதே போராட்டம். 2000த்தில் ரத்தானது, மேல்முறையீடு முடிய 2005 ஆயிற்று. நம் அறிவு எழுதப்படாமல் இருந்தால் அடுத்தவன் தன் பெயரில் எழுதிக்கொள்வான். இந்த வகையில் வேலு சொல்வதை ஏற்கிறேன்.

ஆனால் வேலு, அளவைத் தாளில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். அப்பா யாருக்கும் கேட்டவுடன் கட்டு எடுத்துக் கொடுத்ததில்லை. வாடிக்கையாளர் வந்து நின்றால் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பார். இளம்பெண் என்றால் குரலைத் தாழ்த்தி, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்பார். இருந்தால் பாதிக் கட்டுகள் அவர் கை எட்டாத மேல் தட்டுக்குப் போய்விடும். மழைக்காலத்து வேரையும் வெயில்காலத்து வேரையும் முகர்ந்து பார்த்துப் பிரித்து வைப்பார். "இந்த வாரம் வேர் இளசு, அரைக் கட்டுப் போதும்" என்பார். இதையெல்லாம் எந்தத் தாளில் அச்சடிப்பாய்? பெயரையும் அளவையும் மட்டும் அச்சடித்தால் அறிவின் தோலை உரித்து எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டதாக ஆகும்.

குறிஞ்சிமலர்

நான் இயற்கைப் பொருள் வேதியியலில் வேலை செய்கிறவள். அண்ணாமலை ஐயா சொன்ன இரண்டிலும் முதலாவதை முழுமையாக ஆதரிக்கிறேன். மக்களின் பயன்பாடுதான் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை புற்றுநோய் மருந்து தேடி ஏறக்குறைய 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. அத்தனை உழைப்பில் பெரிதாக நிலைத்தவை பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த டாக்ஸாலும் சீனத்து மரம் ஒன்றில் கிடைத்த கேம்ப்டோதெசினும்தான். கண்ணை மூடிக்கொண்டு துழாவுவதற்கு இவ்வளவு விலை.

இதற்கு நேர் எதிரான கதை, ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்த சீன ஆய்வாளர் து யூயூவினுடையது. 1967இல் சீன அரசு தொடங்கிய ரகசிய மலேரியாத் திட்டத்தில் அவர் சேர்ந்து, பழைய ஏடுகளிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைமுறைகளைத் திரட்டினார். நூற்றுக்கணக்கான சாறுகளை எலிகளில் சோதித்தார்கள். கிங்ஹாவ் (ஆர்ட்டெமிசியா) செடி ஒரு முறை பலன் தரும், அடுத்த முறை தராது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிய கைமுறையை அவர் திரும்பப் படித்தபோது, ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருந்தது. கொதிக்கவை என்று அதில் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் சாறு எடுத்தார். 1971இல் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுவதுமாக ஒழித்தது. நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு வரி இல்லாமல் அந்த மருந்து இல்லை. 1971இன் சோதனை இல்லாமலும் அது இல்லை.

இன்னொன்று, நம் ஊர்ச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் மொரிசியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டவருடன் சேர்ந்து நம் தீவின் மருத்துவத் தாவரங்களைச் சோதித்தார்கள். அகலிஃபா இன்டெக்ரிஃபோலியா, யூஜினியா டினிஃபோலியா, லபோர்டோனேசியா கிளாக்கா ஆகிய மூன்றின் சாறு உணவுக்குழாய்ப் புற்றணுக்கள் பெருகுவதைத் தடுத்தது. நல்ல வேலை, பெருமைக்குரிய வேலை. ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில் நடந்தது. தட்டில் புற்றணுவைக் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வயிற்று அமிலத்தையும் கல்லீரலையும் தாண்டி, வேண்டிய அளவில் வேண்டிய இடத்துக்குப் போய், நல்ல அணுவை விட்டுவிடுகிறவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. நம் மஞ்சளின் குர்குமினையே பாருங்கள். மனிதர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தும், அதை மருந்தாக நிலைநிறுத்தும் முடிவு கிடைக்கவில்லை என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். குடலிலிருந்து இரத்தத்துக்கு அது சரியாகச் சேர்வதே இல்லை.

வாக்குவா வேலு

குறிஞ்சி அக்கா, நீங்கள் பேசுவதெல்லாம் ஒற்றை வேதிப்பொருள். நம் முறை அப்படியா? முழுச் செடியைத்தானே கொடுக்கிறோம். ஒரு பொருளின் வேகத்தை இன்னொன்று தணிக்கும், மூன்றாவது அதை உடலில் சேர்க்கும். மஞ்சளோடு மிளகைச் சேர்த்துப் பாலில் கொதிக்கவைக்க நம் வீட்டில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மிளகில் உள்ள பிபரின் குர்குமினை இரத்தத்தில் கூட்டுகிறது என்று பிறகு ஆய்வகம்தான் கண்டறிந்தது. ஒன்றை மட்டும் உருவி எடுத்துச் சோதித்து, பயனில்லை என்று தீர்ப்புச் சொன்னால் அது நம் மருத்துவத்தைச் சோதித்ததாக எப்படி ஆகும்?

இன்னொன்று. மருந்து வாங்க வசதி உள்ளவர்களின் கோணத்திலிருந்தே கமலா அக்கா பேசுகிறார்கள். இங்கே அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், அது உண்மை. ஆனால் நம் அண்டை நாடுகளில் எத்தனை கிராமங்களுக்கு அந்த வசதி இருக்கிறது?

ரோஸ் ஹில் கமலா

பிபரின் உதாரணத்தையே எடுங்கள், தம்பி. அது குர்குமினை மட்டும் கூட்டுவதில்லை. கல்லீரல் சிதைத்து வெளியேற்ற வேண்டிய வேறு மருந்துகள் சிலவற்றையும் இரத்தத்தில் தங்கவைக்கிறது. சமையல் அளவில் கவலையில்லை. மாத்திரையாகவோ பொடியாகவோ அள்ளிச் சாப்பிடும்போது, வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அது வேறு கதை. ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்று நீங்கள் நம்பும் அதே வேதிவினை ஒன்றுக்கொன்று பகையாகவும் நிற்கும். எது துணை, எது பகை என்று சோதிக்காமல் எப்படிச் சொல்வீர்கள்?

அண்டை நாட்டைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் மடகாஸ்கர் அதிபர் ஆர்ட்டெமிசியா கலந்த பானம் ஒன்றை கோவிட்டைத் தடுக்கவும் குணப்படுத்தவும் வல்லது என்று அறிமுகம் செய்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுத்தார். பல ஆப்பிரிக்க நாடுகள் தருவித்தன. மனிதர்களிடம் சோதித்த முடிவு எதையும் முன்வைக்காமலே அது நடந்தது. தொற்று அங்கே அதன் பிறகும் பரவியது. நம் பக்கத்து மக்கள் மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் இதை வருத்தத்தோடு சொல்கிறேன்: ஏழைகளுக்குச் சோதிக்காத மருந்து போதும் என்பது ஏழைகளுக்குச் செய்யும் உதவி ஆகாது.

மலேரியாவுக்கே கூட ஆர்ட்டெமிசியாத் தேநீரை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைக்க மறுத்தது. ஆர்ட்டெமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. இலைக்கு இலை அளவு மாறும். நோயை முழுக்கக் கொல்லாத அளவில் மருந்து உடலில் உலவினால் ஒட்டுண்ணி பழகிக்கொள்ளும். தென்கிழக்கு ஆசியாவில் அந்த மருந்துக்கு அடங்காத மலேரியா ஏற்கெனவே தலைதூக்கிவிட்டது.

காத்ர் போர்ன் கதிர்

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். என் மாமியார் தமிழ்நாட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சூரணம் வாங்கி வருகிறார். மூட்டுவலிக்காம். அதில் ஆடுதீண்டாப்பாளை இருப்பதாக உறையில் எழுதியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தது என்கிறார். பயப்பட வேண்டுமா?

குறிஞ்சிமலர்

கதிர், தயவுசெய்து உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துப்போய்ச் சிறுநீரகப் பரிசோதனை செய்யுங்கள். உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா குடும்பம். அவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மாத்திரை கொடுத்த ஒரு மருத்துவமனையில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகத் தவறுதலாக இந்தக் குடும்பத்து மூலிகை சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம். அவர்களில் கணிசமானோருக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இந்த விவாதத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தலைமுறைகளின் அனுபவம் சில விஷயங்களைக் கூர்மையாகப் பார்க்கும். குடித்தவுடன் வாந்தி வந்தால், பேதி நின்றால், காய்ச்சல் இறங்கினால், அந்த இரவே தெரிந்துவிடும். பாட்டி அதை மறக்க மாட்டார். ஆனால் இன்று குடித்த கஷாயம் பல ஆண்டு கழித்துச் சிறுநீரகத்தை அழித்தால், அந்த மரணத்தையும் இந்தச் செடியையும் யார் சேர்த்துப் பார்க்க முடியும்? முதுமை என்பார்கள், விதி என்பார்கள். ஒரே மூலிகையை உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஆயிரக்கணக்கில் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் அது தெரியும். ஒரு குடும்பத்தின் நினைவுக்கு அந்த நீளம் போதாது. நம் முன்னோரின் அறிவுக்குக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரியாகப் பார்க்கப்பட்டு வென்றவையும் நம்மிடம் உண்டு. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் தன் நோயாளிகளின் அளவீடுகளை பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். முன்னோர் கைகாட்டிய வேரிலேயே அந்த மருந்து கிடைத்தது. அதே சோதனை ரிசர்பினின் பக்கவிளைவையும் காட்டியது. அளவு கூடினால் மனச்சோர்வு வந்தது. அதனால்தான் இன்று அது பின்னுக்குப் போய்விட்டது.

செயின்ட் தெனி சுப்பு

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் திசான்காரர்கள் உண்டு. நம் மல்பார் (தமிழ் வம்சாவளி) குடும்பங்களில் பாட்டி கஷாயம் இல்லாத வீடு குறைவு. நீங்கள் அங்கே சண்டையிடும் விஷயத்துக்கு இங்கே ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

பிரான்சின் அதிகாரபூர்வ மருந்துநூலில் கடல்கடந்த தீவுகளின் செடிகளுக்கு நெடுங்காலம் இடமே இல்லை. 2009இல் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. 2013 முதல் எங்கள் செடிகள் சேர்க்கப்பட்டன. அயாபானா அவற்றில் ஒன்று. தாவரவியலாளர்களும் மருந்தாளர்களும் மூலிகைக்காரர்களும் சேர்ந்து ஒவ்வொரு செடிக்கும் ஒரு கோப்பு திரட்டினார்கள். சரியான தாவரப் பெயர், எந்தப் பாகம், மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள், நச்சுத்தன்மை பற்றித் தெரிந்தது என்ன. குணமாகும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ஆனால் எங்கள் செடி இருக்கிறது, எங்கள் மக்களின் பயன்பாடு பதிவாகியிருக்கிறது. என் பாட்டி அதை அறிந்தபோது, கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

வேலு அண்ணா, உங்கள் துண்டறிக்கையை அந்த வடிவில் செய்யலாமே? செடியின் படம், இலையை அடையாளம் காணும் முறை, எதோடு குழம்பக் கூடாது என்ற குறிப்பு. எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைக்குப் பதிலாக மலைவேம்பு இலையை வைப்பது வழக்கமாகிவிட்டது. பூசைக்கு வைப்பதில் கேடில்லை. ஆனால் அதன் பழம் நஞ்சு. வேப்பம்பழம் என்று நினைத்து ஒரு குழந்தை வாயில் போட்டால்?

தெர் ரூஜ் அண்ணாமலை

சுப்பு தம்பி சொன்னது பிடித்திருக்கிறது. ஆனால் படம் போடும் முன் இன்னொன்றை யோசியுங்கள். நம் தீவில் நல்ல நிலையில் இருக்கும் இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் கரும்பாகவும் கட்டடமாகவும் அந்நியச் செடிப் புதராகவும் ஆகிவிட்டது. புவா தெ ரோந்து, போம் தெ லில் பிளாத் போன்றவை இந்தத் தீவுகளின் செடிகள். வேறெங்கும் போய் வாங்க முடியாது. இவற்றின் படத்தைப் போட்டு, இன்ன நோய்க்கு என்று எழுதி ஆயிரம் பேர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? மலையேறிப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுவார்கள். சுற்றிலும் உரித்த மரம் பிழைக்காது.

அப்பா பட்டை எடுக்கும் மரத்தில் கிழக்குப் பக்கம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு மேல் எடுக்க மாட்டார். அடுத்த முறை வேறு மரம். இப்போது வருகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. என் கருத்து, காட்டுச் செடி ஒன்றும் துண்டறிக்கையில் வேண்டாம். கொல்லையில் வளர்க்கக்கூடியதை மட்டும் போடு.

பங்கு விஷயத்தையும் விட்டுவிடாதே. 2010இல் நகோயாவில் போட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் மொரிசியஸும் இருக்கிறது. மரபணு வளத்தையும் மக்களின் அறிவையும் எடுத்துப் பயன்படுத்துகிறவர் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பலனில் பங்கு தர வேண்டும். காகிதத்தில் இருப்பது போதாது. கேட்கும் வாய் நமக்கு வேண்டும். குறிஞ்சி அம்மா, நீங்கள் ஆய்வகத்தில் இருப்பவர். என் அப்பாவைப் போன்ற ஒருவர் சொன்னதை வைத்து ஒரு மருந்து வந்தால், அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று நேராகச் சொல்லுங்கள்.

குறிஞ்சிமலர்

நேராகவே சொல்கிறேன், ஐயா. பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரு செடியிலிருந்து மருந்து வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பெரும்பாலானவை வழியிலேயே விழும். லாபத்தில் பங்கு என்று மட்டும் எழுதினால் அந்த நாள் வருவதே அபூர்வம். அதனால் முன்கூட்டியே தரப்பட வேண்டியவற்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: தகவல் சொன்னவரின் பெயர் கட்டுரையில் இடம்பெறுவது, முடிவுகளை முதலில் அவருடைய ஊரில் சொல்வது, ஊர்ப் பிள்ளை ஒருவரின் ஆய்வுப் படிப்புக்கு உதவுவது, செடிகளுக்கு ஒரு நாற்றங்கால் அமைப்பது.

அறிவியல் இன்னொரு பக்கம் வேகமாக நகர்கிறது. நித்தியகல்யாணியின் வேதிப்பொருள்களை ஈஸ்ட் நுண்ணுயிரில் செய்துகாட்டிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. செடியே தேவைப்படாத காலம் வந்தால் மடகாஸ்கரின் விவசாயிக்குக் கிடைக்கும் இலைக்காசும் போய்விடும். 2024 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உலக ஒப்பந்தம் நிறைவேறியது: மரபணு வளத்தையோ அதோடு சேர்ந்த மரபு அறிவையோ அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர், அது எங்கிருந்து வந்தது என்று வெளியிட வேண்டும். போதாது, ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு.

ரோஸ் ஹில் கமலா

அண்ணாமலை ஐயா, உங்கள் அப்பா கேட்ட கேள்விகளைத்தான் மருந்துக்கடையில் நாங்களும் கேட்க வேண்டும் என்று படித்தோம். அவருக்கும் எனக்கும் இடையில் பெரிய பகை இல்லை. அளவைத் தாளில் போட்டுக் கை கழுவுவதுதான் எனக்குப் பகை.

வேலு, உங்கள் பட்டியலில் பிலிம்பிச் சாறு இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை இப்போதே எடுத்துவிடுங்கள். ஊறுகாயில் நாலு துண்டு சாப்பிடுவது வேறு. கொழுப்பு குறையும் என்று கெட்டியாகப் பிழிந்து குடிப்பது வேறு. அதில் ஆக்சலேட் ஏராளம். கேரளத்தில் அப்படிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த 10 நோயாளிகளைப் பற்றி 2013இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதன் உறவுப் பழமான கரம்போலாவும் (நட்சத்திரப் பழம்) சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. விக்கல் நிற்காமல் வரும், நினைவு தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். காரணமான நஞ்சை பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் பிரித்துக் காட்டினார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள தீவில் எத்தனை பேருடைய சிறுநீரகம் அவர்களுக்கே தெரியாமல் தளர்ந்திருக்கும்!

பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள், நானே சமைக்கிறேன். சாறாகப் பிழிந்து சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. அதையும் எழுதுங்கள்.

வாக்குவா வேலு

எல்லோருடைய பதிவையும் குழுவில் படித்துக் காட்டினேன். நம் அறிவை நாமே எழுத வேண்டும் என்பதில் நான் பின்வாங்கவில்லை. யாரோ சோதித்து முடிக்கும்வரை வாய்மூடி இருக்க வேண்டும் என்றால், அதற்குள் சொல்லத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கமலா அக்கா, இந்த இடத்தில் உங்களோடு நான் இன்னும் உடன்படவில்லை.

ஆனால் துண்டறிக்கை வேறு, பதிவேடு வேறு என்று பிரித்திருக்கிறோம். துண்டறிக்கையில் கொல்லைச் செடிகள் மட்டும்: வல்லாரை, துளசி, அயாபானா, பாகல். செடியின் படம், மக்கள் வழக்கம், யார் தவிர்க்க வேண்டும். அளவு இல்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று வரி: மாத்திரையை நிறுத்தாதீர்கள், பிலிம்பி, கரம்போலாச் சாறு குடிக்காதீர்கள், எந்தக் கஷாயம் குடித்தாலும் மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் சொல்லுங்கள். சொன்னவரை அவர்களும் திட்டக் கூடாது என்று கமலா அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன். திட்டு வாங்கப் பயந்துதான் எங்கள் அம்மா எதையும் சொல்வதில்லை.

பதிவேட்டுக்கு அண்ணாமலை ஐயாவின் உதவி வேண்டும். உங்கள் அப்பா சொன்னதை, கேள்வி கேட்ட முறை உட்பட, முழுதாக எழுத விரும்புகிறோம்.

தெர் ரூஜ் அண்ணாமலை

எழுதலாம். நாலு நிபந்தனை. பதிவேடு கோயில் அலமாரியில் பூட்டி இருக்க வேண்டும். யார் படித்தார்கள் என்று கையெழுத்து வாங்க வேண்டும். காட்டு மரம் நிற்கும் இடத்தை எழுத மாட்டேன். எந்த ஆய்வாளர் வந்தாலும் அனுமதிக் கடிதத்தில் குறிஞ்சி அம்மா சொன்ன நாலும் இருக்க வேண்டும். அதில் நாற்றங்கால்தான் முதலில்.

ரோஸ் ஹில் கமலா

திட்ட மாட்டேன், வேலு. உங்கள் அம்மாவை அழைத்து வாருங்கள். குடிக்கும் கஷாயக் கட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், மாத்திரைகளோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

காத்ர் போர்ன் கதிர்

மாமியார் சூரணத்தை நிறுத்திவிட்டார். இரத்தப் பரிசோதனைக்கு நாளை அழைத்துப் போகிறேன். உறையில் இருந்த மற்றப் பெயர்களையும் இங்கே போடுகிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.